சுவெட்டன்ஹம் என்ற குடும்பப் பெயரின் பூர்வீகம் எது? அந்தப் பெயர்க்காரர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்?

பந்திங்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு பெயரைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன்.

என் அம்மாவின் பிறப்புப் பத்திரத்தில் பிறந்த இடம் போர்ட் சுவெட்டன்ஹம் என்று இருக்கிறது. ஆண்டு 1956. தாத்தா அங்கே ரப்பர் கட்டுகளைக் கப்பலில் ஏற்றும் வேலையில் இருந்தவர். அம்மா பள்ளிக்கூடம் போகும் முன்பே குடும்பம் பந்திங் பக்கத் தோட்டத்துக்கு வந்துவிட்டது. மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் அந்தத் துறைமுகத்துக்கு 1972இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறியது. அம்மாவின் பத்திரத்தில் பழைய பெயர் அப்படியே நிற்கிறது. அந்தத் தாளை எடுக்கும்போதெல்லாம் என் கண் அந்தப் பெயரில்தான் போய் நிற்கும்.

பெயருக்குரிய துரை யார் என்பது தெரியும். ஃபிராங்க் சுவெட்டன்ஹம். 1874 பங்கோர் உடன்படிக்கைக் காலத்தில் இளம் அதிகாரி, 1882இல் சிலாங்கூர் ரெசிடென்ட் (சுல்தானுக்கு ஆலோசகரான பிரிட்டிஷ் அதிகாரி), 1896இல் ஐக்கிய மலாய் மாநிலங்களின் முதல் ரெசிடென்ட் ஜெனரல். இதெல்லாம் சரித்திரப் பாடத்தில் படித்ததுதான். நான் கேட்பது ஆளைப் பற்றி அல்ல, அவருடைய குடும்பப் பெயரைப் பற்றி.

எங்கள் வட்டாரத்தில் வெள்ளைக்காரப் பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்திலேயே கேரித்தீவு இருக்கிறது, எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற தோட்டத் துரையின் பெயர். கேரி என்று இணையத்தில் தேடினால் பாடகர், நடிகர், கிரிக்கெட் வீரர் என்று யார் யாரோ வருகிறார்கள். சுவெட்டன்ஹம் என்று தேடினால் அந்த ஒரு துரையும் இந்தத் துறைமுகமும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. இங்கிலாந்திலேயே அரிய பெயரா? எந்த ஊர்ப் பக்கத்துப் பெயர்? இன்றைக்கும் அந்தப் பெயரோடு ஆட்கள் இருக்கிறார்களா?

என் அக்கா மகன் படிப்புக்காக மான்செஸ்டர் போகிறான். பாட்டியின் பத்திரத்தில் இருக்கும் பெயர் எங்கிருந்து வந்தது என்று அவன்தான் முதலில் கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

டேன் ஆற்றோரம் எழுதியது:

வணக்கம் அக்கா. நான் தெலுக் பங்லிமா காராங்கில் வளர்ந்தவன். இப்போது செஷயர் மாவட்டத்தில் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை. நீங்கள் கேட்கும் பெயரின் சொந்த ஊர் என் வீட்டிலிருந்து காரில் சிறிது தூரம்தான். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கொஞ்சம் விரிவாகவே எழுதத் தோன்றுகிறது.

சுவெட்டன்ஹம் என்பது முதலில் ஒரு கிராமத்தின் பெயர். இங்கிலாந்தின் வடமேற்கில் செஷயரில், காங்கிள்டன் என்ற ஊருக்கும் ஹோம்ஸ் சேப்பல் என்ற ஊருக்கும் நடுவில், டேன் ஆற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மிகச் சின்ன ஊர். புனித பேதுரு தேவாலயம், அதன் செங்கல் கோபுரம், தேவாலயத்துக்குப் பின்னால் சுவெட்டன்ஹம் ஆர்ம்ஸ் என்ற பழைய சாப்பாட்டு விடுதி, சில வீடுகள், சுற்றிலும் மாடு மேயும் புல்வெளி. கடைத்தெரு என்று ஒன்றும் கிடையாது. பந்திங் பேருந்து நிலையத்தைச் சுற்றியிருக்கும் கடைகளில் பாதிகூட அங்கே இல்லை. பக்கத்தில் ஒரு பெரிய மரத்தோட்டம் உண்டு. ஜோட்ரல் பேங்க் வானொலித் தொலைநோக்கியை உருவாக்கிய விஞ்ஞானி பெர்னார்ட் லவல் இந்தக் கிராமத்தில்தான் வாழ்ந்தார், அந்த மரங்களை நட்டவரும் அவரே.

பெயரின் பொருளும் கடினமானதல்ல. பழைய ஆங்கிலத்தில் 'ஹாம்' என்றால் குடியிருப்பு, வீடு. முன்னால் இருப்பது 'சுவேட்டா' என்ற ஆளின் பெயர். சுவேட்டாவின் குடியிருப்பு என்பதுதான் ஊர்ப் பெயர். நடுவில் வரும் 'அன்' என்ற ஒலி நம் 'உடைய' போன்ற வேற்றுமை உருபு. எழுதுவதில் 'ஹம்' இருந்தாலும் பேச்சில் அந்த 'ஹ' அமுங்கி 'சுவெட்னம்' என்பதைப் போல ஒலிக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எழுத்துக்கூட்டல் விஷயத்துக்கு வரும்போது தேவைப்படும்.

இனி, ஊர்ப் பெயர் எப்படி ஆட்பெயராக ஆனது? சொந்த ஊரில் இருப்பவனை அந்த ஊர்ப் பெயரால் யாரும் கூப்பிட மாட்டார்கள். அங்கே எல்லாருமே அந்த ஊர்க்காரர்கள்தானே. ஊரை விட்டு வெளியே போனவனுக்குத்தான் அந்தப் பெயர் ஒட்டும். பக்கத்து ஊருக்குப் பிழைக்கப் போனவனை அங்கே இருப்பவர்கள் 'சுவெட்டன்ஹம் ஊரிலிருந்து வந்த ஜான்' என்பார்கள். இல்லையென்றால், அந்த ஊரின் நிலத்துக்கு உடையவனாக இருந்து அந்த உரிமையால் பெயரை எடுத்துக்கொண்டவனாக இருப்பான். இங்கிலாந்தில் 1066இல் நார்மன்கள் வந்த பிறகு நிலப்பிரபுக்களிடம் தொடங்கிய இந்தப் பழக்கம், 14ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பெரும்பாலான சாதாரணக் குடும்பங்களுக்கும் வந்து, தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகும் பெயராக உறைந்துவிட்டது.

அதனால்தான் இப்படிப்பட்ட பெயர்களின் வரைபடத்தைப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். பெயர் அடர்த்தியாக இருப்பது அந்த ஊருக்குள் அல்ல, அதைச் சுற்றியுள்ள வட்டாரத்தில். சுவெட்டன்ஹம் பெயரும் அப்படித்தான். செஷயரின் கிழக்குப் பக்கம், தெற்கே ஸ்டாஃபோர்ட்ஷயர், வடக்கே லங்காஷயர். தொழிற்புரட்சிக் காலத்தில் காங்கிள்டனிலும் மேக்கில்ஸ்ஃபீல்டிலும் பட்டு ஆலைகள் வந்தன, ஸ்டோக் பக்கம் மண்பாண்டத் தொழில் பெருகியது, மான்செஸ்டர் பஞ்சாலை ஊரானது. விவசாயக் கூலிகள் வேலை தேடி அங்கெல்லாம் போனார்கள், பெயரும் கூடவே போனது. நம் துரை பிறந்தது டார்பிஷயரில் பெல்ப்பர் என்ற ஊரில், 1850இல். கிராமத்திலிருந்து அது ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அப்பா அங்கே வழக்கறிஞர். செஷயரைத் தாண்டினாலும் வெகுதூரம் போகாத கிளை.

ஏன் அரிது என்று கேட்டீர்கள். காரணம் அந்த ஊரின் அளவுதான். ஸ்மித் என்றால் கொல்லன், ஒவ்வொரு ஊரிலும் ஒரு கொல்லன் இருந்தான், ஆயிரம் இடத்தில் அந்தப் பெயர் தனித்தனியே பிறந்தது. நீங்கள் சொன்ன கேரிகூட டெவனிலும் சோமர்செட்டிலும் இருக்கும் ஊர் ஆற்றுப் பெயர்களிலிருந்தும், அயர்லாந்தின் வேறொரு குலப் பெயரிலிருந்தும் வந்து ஒரே எழுத்தில் கலந்தது. சுவெட்டன்ஹம் என்ற ஊர் ஒன்றே ஒன்று, அதுவும் சிறியது. அதிலிருந்து கிளம்பிய குடும்பங்கள் சில. ஆண் வாரிசு இல்லாமல் போனால் அந்தக் கிளையின் பெயர் அத்தோடு நிற்கும். சில தலைமுறைகளில் பாதிக் கிளைகள் இப்படிப் போய்விடும்.

உங்கள் அக்கா மகன் மான்செஸ்டர் வந்ததும் சொல்லுங்கள். அந்த ஊருக்கு நான் கூட்டிப் போகிறேன்.

---

இளஞ்செம்பனை எழுதியது:

கோபித்துக்கொள்ளாதீர்கள் அக்கா. நம் தாத்தா பாட்டி எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. என் தாத்தாவின் அப்பா கப்பலேறி வந்தவர். அவருடைய பெயர் மட்டும்தான் எங்களிடம் இருக்கிறது, ஊர் இல்லை. தோட்டம் விற்கப்பட்டு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயமும் இடிந்துவிட்டது. இதற்கு நடுவில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் குலப்பெருமையைத் தேடி நமக்கு என்ன ஆகப்போகிறது? துறைமுகத்தின் பெயரை மாற்றியது சரியான முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன்.

---

காப்பார் வாத்தியார் எழுதியது:

தம்பி, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் தங்கச்சி கேட்டது குலப்பெருமை அல்ல. தன் தாயின் பத்திரத்தில் இருக்கும் ஒரு சொல்லை அவர் கேட்கிறார். அந்தச் சொல் நம் சரித்திரத்திலும் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், கொஞ்சம் சொல்கிறேன்.

அந்தத் துறைமுகம் 1901 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு சரக்கு இறங்கியது ஆற்றுக்கு உள்ளே, கிள்ளான் ஊரிலேயே. பெரிய கப்பல்கள் அங்கே வர முடியாது. அதனால் ரயில் பாதையை ஆற்று முகத்துவாரம் வரை நீட்டி, அங்கே கண்டல் காட்டுச் சதுப்பில் புதுத் துறைமுகம் கட்டினார்கள். திறந்த சில வாரங்களிலேயே மலேரியா பரவியது. வேலைக்காரர்கள் கொத்துக் கொத்தாகப் படுத்தார்கள், துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. கொசுதான் மலேரியாவைக் கொண்டுவருகிறது என்று ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டுபிடித்தது 1897இல். நான்கே ஆண்டு ஆகியிருந்தது. கிள்ளானில் வட்டார மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் அதை நம்பி, சதுப்பைச் சுற்றிக் கரை எழுப்பி, வடிகால் வெட்டி, காட்டைத் துப்புரவாக்கச் செய்தார். காய்ச்சல் இறங்கியது. உலகத்தில் கொசுவை ஒழித்து மலேரியாவைக் கட்டுப்படுத்திய முதல் இடங்களில் கிள்ளானும் போர்ட் சுவெட்டன்ஹமும் அடங்கும். கடலோரச் சதுப்பில் நிழலில் முட்டையிடும் கொசுவுக்கு இந்த வழி சரிப்பட்டது. ஆனால் மலையோரத் தோட்டங்களில் இருந்தது வேறு வகை, வெயில் படும் தெளிந்த ஓடையில் பெருகும் கொசு. அங்கே காட்டை வெட்ட வெட்ட மலேரியா கூடியது. அந்த வித்தியாசம் பிடிபடும் முன்பு செத்தவர்களில் எத்தனையோ பேர் நம் ஆட்கள். அந்த வடிகால்களை வெட்டிய கைகள் யாருடையவை என்று எண்ணிப் பாருங்கள்.

தம்பி, உங்கள் கொள்ளுத்தாத்தாவும் அங்கேயே இறங்கியிருக்கலாம். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் வந்த கப்பல்கள் பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹம், சிங்கப்பூர் என்று நின்று போகும். சிலாங்கூர் தோட்டங்களுக்கு வந்தவர்கள் இறங்கிய இடம் அதுதான். 1938இல் இந்திய அரசு தோட்டக் கூலிக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதன் பிறகும் சொந்தச் செலவில் ரஜூலா கப்பலில் வந்தவர்களும் போனவர்களும் அந்தப் பெயரை வாயில் சொல்லித்தான் டிக்கெட் வாங்கினார்கள்.

இப்போது பெயர்களுக்கு வருகிறேன். இது எனக்குப் பிடித்த விஷயம்.

நம் நாட்டு வரைபடத்தில் இருந்த, இருக்கிற ஆங்கிலப் பெயர்களை எடுத்துப் பாருங்கள். போர்ட் டிக்சன் இருக்கிறது. டிக்சன் என்றால் டிக் என்பவனின் மகன், டிக் என்பது ரிச்சர்டின் செல்லப்பெயர். நம் அடையாள அட்டையில் ஏ/எல், அதாவது இன்னாரின் மகன், என்று போடுகிறோமே, அதே முறை. என்ன வித்தியாசம் என்றால், அவர்களுடைய ஏ/எல் எந்தக் காலத்திலோ ஒரு தகப்பனின் பெயரில் நின்றுவிட்டது, நமக்குத் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. பட்டர்வொர்த் இருக்கிறது. 1843 முதல் 1855 வரை நீரிணைக் குடியேற்றங்களின் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) ஆளுநராக இருந்த வில்லியம் ஜான் பட்டர்வொர்த்தின் பெயர். அந்தக் குடும்பப் பெயரும் ஒரு ஊர்ப் பெயர்தான், லங்காஷயரில் ராச்டேல் பக்கத்து ஊர். இன்றும் ராச்டேலில் பட்டர்வொர்த்கள் நிறைய. சுவெட்டன்ஹமும் பட்டர்வொர்த்தும் இங்கிலாந்தின் ஒரே மூலையிலிருந்து வந்த பெயர்கள். ஒன்று செழித்தது, ஒன்று அரிதாகிப் போனது.

தெலுக் ஆன்சன் 1982இல் தெலுக் இந்தான் ஆனது. மேக்ஸ்வெல் மலை புக்கிட் லாருட் ஆனது. போர்ட் வெல்ட் கோல செப்பெத்தாங் ஆனது. போர்ட் சுவெட்டன்ஹமும் அந்த வரிசையில் போனது. நாடு தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனாலும் அந்தப் பெயர் முழுக்க அழிந்துவிடவில்லை. பினாங்கு ஜார்ஜ் டவுனில் உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கும் இடம் இன்றும் சுவெட்டன்ஹம் பியர். சிங்கப்பூரில் தங்லின் பக்கம் ஒரு சுவெட்டன்ஹம் சாலை உண்டு.

குடும்பத்தைப் பற்றி ஒன்று. ஃபிராங்கின் அண்ணன் அலெக்சாண்டர் சுவெட்டன்ஹமும் காலனி ஆளுநர்தான். சிங்கப்பூரில் பொறுப்பு ஆளுநராக இருந்தார், பிறகு பிரிட்டிஷ் கயானா, அதன் பிறகு ஜமைக்கா. 1907இல் கிங்ஸ்டனில் நிலநடுக்கம் வந்தபோது உதவிக்கு இறங்கிய அமெரிக்கக் கடற்படையைத் திருப்பி அனுப்பி, அது பெரிய சர்ச்சையாகிப் பதவியை விட்டார். ஃபிராங்க் 1904இல் ஓய்வு பெற்றார். பிறகு ரப்பர் கம்பெனிகளின் இயக்குநர் குழுக்களில் உட்கார்ந்தார், 1909இல் மொரிஷியஸ் விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். மலாயா, கயானா, மொரிஷியஸ் என்று இந்த அண்ணன் தம்பி போன இடமெல்லாம் கரும்பிலும் ரப்பரிலும் தமிழர்கள் வேலை செய்த இடங்கள். ஒரு சின்ன ஊரின் பெயரும் நம் மக்களின் உழைப்பும் இத்தனை இடத்தில் ஒன்றாக வருகின்றன. இதைத் தெரிந்துகொள்வது வெள்ளைக்காரனைப் புகழ்வது ஆகாது தம்பி.

---

பந்திங்காரி எழுதியது:

வாத்தியார் ஐயா, டேன் ஆற்றோரம் தம்பி, இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. அம்மாவுக்கு இரண்டு பதிலையும் வாசித்துக் காட்டினேன். 'ஊரை விட்டுப் போனவனுக்குத்தான் ஊர்ப் பெயர்' என்ற இடத்தில் அம்மா நிறுத்தச் சொன்னார். தோட்டத்தில் தாத்தாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லையாம். காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் கூப்பிட்டாலும், சம்பள நாளில் கணக்கு எழுதும் கிராணி கூப்பிட்டாலும் 'செய்யாற்றார்' தான். எதிர் லயத்தில் ஒரு 'முசிறியார்' இருந்தார், ரப்பர் பால்வெட்டில் 'துறையூர்ப் பாட்டி' ஒருவர். தாத்தாவின் இயற்பெயர் அம்மா கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போதுதான் பலருக்குத் தெரிந்ததாம். செய்யாற்றில் அவரை அப்படி யார் கூப்பிட்டிருப்பார்கள்?

எங்கள் தாமானில் (வீடமைப்புக் குடியிருப்பில்) இன்றைக்கும் அதுதான் நடக்கிறது. கேரித்தீவிலிருந்து வந்து வீடு வாங்கியவர்களை 'கேரித்தீவு வீடு' என்றுதான் சொல்கிறோம். தோட்டம் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, அப்புறம் அதுவும் போய் வீடமைப்புத் திட்டம் வந்த பிறகும் தோட்டத்தின் பெயர் ஆட்களோடு இருக்கிறது. ஆனால் நம்முடையது ஒரு தலைமுறையோடு போய்விடுகிறது. என் அடையாள அட்டையில் அப்பா பெயர் மட்டும்தான் இருக்கிறது, செய்யாறு இல்லை. தமிழ்நாட்டில் பெயருக்கு முன்னால் ஊரின் முதலெழுத்தைப் போடுவார்களே, அதுவும் கப்பலேறும்போதே விட்டுப்போயிருக்கிறது.

இளஞ்செம்பனை தம்பி, எனக்குக் கோபம் எதுவும் இல்லை. நீங்கள் சொன்ன அந்த இழப்பால்தான் இந்தக் கேள்வியே எனக்கு வந்தது என்று இப்போது தோன்றுகிறது.

இன்னும் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். அமெரிக்காவில் ஸ்வெட்னம் என்ற குடும்பப் பெயர் வருகிறதே, அதுவும் இதுவும் ஒன்றா? அப்புறம், அரிய பெயர் என்றால் அந்தப் பெயருள்ள எல்லாரும் ஒரே வம்சமா?

---

டேன் ஆற்றோரம் எழுதியது:

நல்ல கேள்விகள் அக்கா.

ஸ்வெட்னம் அதே பெயர்தான். முன்பு சொன்னேனே, பேச்சில் 'ஹ' அமுங்கிவிடும் என்று. எழுதுபவர் காதில் விழுந்தபடி எழுதினால் ஸ்வெட்னம். பழைய காலத்தில் பெரும்பாலானவர்களுக்குத் தங்கள் பெயரை எழுதத் தெரியாது, பாதிரியார் எழுதியதுதான் பெயர். 1538இல் திருச்சபைப் பதிவேடுகள் வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஒரே குடும்பத்தின் அண்ணனுக்கு ஒரு எழுத்துக்கூட்டல், தம்பிக்கு இன்னொன்று என்று அந்த ஏடுகளில் சாதாரணமாகப் பார்க்கலாம். நம் ஆட்களின் பெயரைத் தோட்டத்துக் கிராணியும் பதிவு அலுவலகமும் ஆளுக்கு ஒரு விதமாக எழுதி, அண்ணன் தம்பி அடையாள அட்டையே ஒத்துப்போகாமல் கிடக்கிறது இல்லையா, அங்கேயும் அதே கதைதான். அட்லாண்டிக்கைத் தாண்டிப் போனவர்களிடம் இந்தச் சுருங்கிய வடிவம் நிலைத்துவிட்டது. கென்டக்கி மாநிலத்தில் ஸ்வெட்னம்கள் இருக்கிறார்கள்.

ஒற்றை 'டி' போட்டு எழுதும் கிளை ஒன்றும் உண்டு. காங்கிள்டன் பக்கம் சோமர்ஃபோர்ட் பூத்ஸ் என்ற இடத்தில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாளிகை கட்டி வாழ்ந்த நிலக்கிழார் குடும்பம். பெயர் வந்த கிராமத்துக்கும் அந்த மாளிகைக்கும் நடுவில் சில கிலோமீட்டர்தான். ஒற்றை 'டி' எழுத்துக்கூட்டலோடு எட்மண்ட் சுவெட்டன்ஹம் என்பவர் வேல்ஸில் கார்னார்வன் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். 1890இல் அவர் இறந்தார். இடைத்தேர்தலில் 18 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்து முதல்முறையாக நாடாளுமன்றம் போனவர், பின்னாளில் பிரதமரான லாயிட் ஜார்ஜ். ஒரு சுவெட்டன்ஹம் காலி செய்த இடத்திலிருந்து வந்தவர் முதல் உலகப்போர் காலத்தில் நாட்டை நடத்தினார். இது தெரிந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை, விடிய விடியத் தேடிக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் ஒரே வம்சமா என்பதற்கு நேராகப் பதில் சொல்ல முடியாது. நிலக்கிழார் ஒருவர் அந்தப் பெயரை எடுத்திருப்பார், அதே ஊரிலிருந்து வெளியேறிய கூலிக்காரர் ஒருவருக்கும் அதே பெயர் ஒட்டியிருக்கும். இரண்டு பேருக்கும் ரத்த உறவு இருக்க வேண்டியதில்லை. செய்யாற்றிலிருந்து வந்த எல்லாரும் உங்கள் தாத்தாவுக்குச் சொந்தம் இல்லையே, அதுபோல. ஆனால் பெயர் அரிதாக அரிதாக ஒரே மூதாதையிடம் போய்ச் சேரும் வாய்ப்பு கூடுகிறது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங், மார்க் ஜோப்லிங் இரண்டு பேரும் 40 குடும்பப் பெயர்களை எடுத்து, அந்தப் பெயருள்ள ஆண்களின் ஒய் குரோமோசோமைச் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். பெயரைப் போலவே ஒய் குரோமோசோமும் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போவதால் இரண்டையும் ஒப்பிட முடிந்தது. ஸ்மித் பெயருள்ளவர்களுக்குள் எந்த ஒற்றுமையும் தெரியவில்லை. ஆட்டன்பரோ போன்ற அரிய பெயரில் பத்துப் பேருக்குக் கிட்டத்தட்ட ஒன்பது பேர் ஒரே வகை. ஆட்டன்பரோவும் சுவெட்டன்ஹம் போல ஒரே ஒரு கிராமத்தின் பெயர், நாட்டிங்ஹம்ஷயரில் இருக்கிறது.

உங்கள் அக்கா மகன் தானே தேட ஆசைப்பட்டால் 1881 மக்கள்தொகைக் கணக்கிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். முழுவதும் எழுத்தில் ஏற்றப்பட்டது, பெயரையும் பிறந்த ஊரையும் வைத்துத் தேடலாம். இன்றைய பட்டியலை வைத்து வரைபடம் போட்டால் லண்டன்தான் பெரிதாகத் தெரியும், ஏனென்றால் எல்லாரும் அங்கே போய்விட்டார்கள். 1881இல் பெயர்கள் இன்னும் பிறந்த மண்ணுக்குப் பக்கத்தில் இருந்தன. எத்தனை பேர் என்று மட்டும் பார்க்காமல், அந்த மாவட்டத்தின் மொத்த ஜனத்தொகையில் எத்தனை பங்கு என்று பார்க்க வேண்டும், அப்போதுதான் சொந்த வட்டாரம் தெரியும். பிறப்பு, திருமணம், இறப்புக்கு 1837 ஜூலை முதல் அரசுப் பதிவு உண்டு, அதன் அட்டவணை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 1921 கணக்கு 2022இல் திறந்துவிட்டது. 1931 கிடைக்காது, 1942இல் தீயில் எரிந்துவிட்டது. ஒரே பெயரை மட்டும் எடுத்து ஆராய்பவர்களுக்கென்று 1979இல் தொடங்கிய கில்ட் ஆஃப் ஒன் நேம் ஸ்டடீஸ் என்ற சங்கமும் இருக்கிறது, கேட்டால் பதில் எழுதுவார்கள்.

---

இளஞ்செம்பனை எழுதியது:

எல்லாவற்றையும் வாசித்தேன். அக்கா, வாத்தியார் ஐயா, மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். அவர்களுக்கு 1538லிருந்து ஏடு இருக்கிறது. என் கொள்ளுத்தாத்தாவின் ஊரைக் கண்டுபிடிக்க எனக்கு என்ன இருக்கிறது? அவர் பெயரும், கோல லங்காட் பக்கம் அவர் வேலை செய்த தோட்டத்தின் பெயரும் தெரியும். அவ்வளவுதான்.

---

காப்பார் வாத்தியார் எழுதியது:

கேட்டதே பெரிய சந்தோஷம் தம்பி. தோட்டத்தின் பெயர் தெரிந்தால் பாதி வழி வந்துவிட்டீர்கள். கங்காணி முறையில் ஆள் சேர்த்த காலத்தில் கங்காணி தன் சொந்த ஊரிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும்தான் ஆட்களைக் கூட்டி வந்தார். அதனால் ஒரே தோட்டத்தில் ஒரே வட்டாரத்து மக்கள் சேர்ந்து இருந்தார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தாவோடு அதே தோட்டத்தில் இருந்த மற்றக் குடும்பங்களைத் தேடுங்கள். பந்திங், ஜெஞ்ஜாரோம், தெலுக் பங்லிமா காராங் தாமான்களில் அந்தப் பிள்ளைகள் யாராவது இருப்பார்கள். அவர்களுக்கு ஊர் தெரிந்திருந்தால் உங்களுக்கும் அதே வட்டாரமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வயதானவர்களிடம் 'எந்த ஊர்?' என்று கேட்டால் தோட்டத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். 'அவரை லயத்தில் எப்படிக் கூப்பிடுவார்கள்?' என்று கேளுங்கள். குலதெய்வம் யார், தோட்டத்துக் கோயிலில் எந்தச் சாமிக்கு உங்கள் வீட்டார் முன்னால் நின்றார்கள் என்றும் கேளுங்கள். குலதெய்வக் கோயில் பெரும்பாலும் சொந்த ஊரோடு கட்டப்பட்டது.

காகிதம் என்றால், பாட்டி தாத்தாவின் பிறப்பு, இறப்புப் பத்திரங்கள், பழைய குடியுரிமைத் தாள்கள், கடவுச்சீட்டு ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஊரிலிருந்து வந்த பழைய கடிதத்தின் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதில் தபால் முத்திரை இருக்கும். கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது, சிலாங்கூர் செயலகத்தின் பழைய கோப்புகள் அங்கே உண்டு. சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். சிங்கப்பூர் தேசிய நூலகம் அந்தக் காலத்து மலாயாப் பத்திரிகைகளை இணையத்தில் ஏற்றியிருக்கிறது, தோட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் துரை மாறிய செய்தி, வேலைநிறுத்தம், விற்பனை எல்லாம் வரும்.

தோட்டத்தின் பெயரை இங்கே எழுதுங்கள். அந்தப் பக்கத்தில் படிப்பித்த பழைய ஆசிரியர்கள் சிலரை எனக்குத் தெரியும், நாளைக்கே கேட்டுப் பார்க்கிறேன். எழுத்துக்கூட்டல் மாறி மாறி இருந்தால் எல்லா விதத்தையும் எழுதுங்கள். ஆங்கிலத்தில் ஒன்றும் நம் ஆட்கள் வாயில் ஒன்றுமாக இரண்டு பெயர் இருந்தால் இரண்டையும் போடுங்கள்.